ஜாமீன் நிற்க வந்த அக்கா

நான் வேறொரு வேலையாகப் போயிருந்த செங்கல்பட்டு நீதிமன்றத்தில், மனைவியை அடித்துக் கைதான ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட அவருடைய அக்கா வந்திருந்தார். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்பவர். அகன்ற தோள், வெயிலில் வெளுத்த புடவை. எதைக் கேட்டாலும் அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டே பதில் சொல்வார்.

"தம்பிக்கு ஜாமீன் நிக்கிறீங்களாம்மா?" என்றார் நீதிபதி.

"தம்பிக்கு ஜாமீன் நிக்கிறனா? நிக்கிறேன் ஐயா. ஆனா இவன் மறுபடி பொண்டாட்டி மேல கை வச்சான்னா, நான் போட்ட கையெழுத்த வாபஸ் வாங்கிக்கலாமா?"

தம்பியின் வக்கீல் அவசரமாக இருமினார்.

"மனு கொடுத்து விலகிக்கலாம். வேற ஆள் வரலன்னா அவர் திரும்ப ஜெயிலுக்குத்தான் போகணும்" என்றார் நீதிபதி.

போலீஸ்காரர் பக்கத்தில் நின்ற தம்பியிடம் அக்கா திரும்பினார். "கேட்டுகினியாடா? என்னை வுட்டா உனக்கு எவன் வருவான்?"

தம்பி தலையாட்டிய பிறகே அக்கா பேனாவை வாங்கினார். அன்று அவர் நின்றது தம்பிக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை.