புத்தகத்தில் செத்துப்போன பெரியம்மா

என் பெரியம்மா ஓர் இங்கிலீஷ் புத்தகத்தில் செத்துப்போனாள். நிஜத்தில், முருகன் புண்ணியத்தில், இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். இன்று காலையில்கூட போனில் என்னோடு சண்டை போட்டாள்.

நான் ஏழாவது படிக்கும்போது பெரியம்மா செம்பூரில் ஒரு சிந்திக்கார மேடம் வீட்டில் சமையல் செய்தாள். தாராவியிலிருந்து சயான் போய் ரயிலேறி, குர்லாவில் பாலம் ஏறி வேறு வண்டி மாற வேண்டும். மேடம் இங்கிலீஷில் கதை எழுதுகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை, அச்சாகி வந்த புத்தகத்தைப் பெரியம்மா கையில் கொடுத்து, இதில் நீயும் இருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறார்.

பெரியம்மா அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா புத்தகத்துக்குக் குங்குமம் வைத்து, முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். குடும்பத்தில் இங்கிலீஷ் மீடியம் படித்தது நான் ஒருத்திதான். சந்துப் பெண்களெல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஏட்டி, நிதானமா சொல்லு. ஒரு வரி விட்டுறாத," என்றாள் பெரியம்மா.

கதையில் ஒரு தெற்கத்திச் சமையல்காரி வந்தாள். பெயர் வேறு. ஆனால் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரைக் கேட்காமல் மிளகு ரசம் வைத்தாள். காய்கறிக்காரனைத் தமிழிலேயே திட்டிக் கறிவேப்பிலை சும்மா வாங்கினாள். "அக்காவேதான்!" என்று அம்மா கைதட்டினாள். பெரியம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

கடைசிப் பக்கத்தில், மழையில், குர்லா பாலத்துப் படியில் வழுக்கி விழுந்து அவள் செத்துப்போனாள். படித்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

"நல்லா பாருட்டி. மயக்கமா இருக்கும்."

பார்த்தேன். போட்டோவுக்கு மாலை போட்டதுவரை எழுதியிருந்தது.

அம்மா என் வாயைப் பொத்தினாள். "கதைதானே மதினி," என்று அப்பா சிரித்தார். "உங்களைச் சாவடிச்சு எழுதியிருந்தா இப்படிச் சிரிப்பியளா?" என்று அம்மா பாய்ந்தாள். பெரியம்மாவையும் புத்தகத்தையும் சேர்த்து வைத்து உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். திருச்செந்தூருக்குக் காணிக்கை முடிந்துவைத்தாள். ஆனாலும் மழை பிடித்துக்கொண்டது. குர்லா என்ற பேரைக் கேட்டாலே பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டாள். வேலைக்குப் போகாமல் கிடந்தாள். இப்படியே போனால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்று அம்மா பயந்தாள்.

கடைசியில் பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு, ரயில் வேண்டாம் என்று பஸ்ஸில், செம்பூர் போனாள். தன் அரைகுறை இந்தியில் கேட்டேவிட்டாள்.

"நான் என்ன குறை வச்சேன்? எதுக்கு என்னைக் கொன்னீங்க?"

மேடம் சிரித்தார். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மழை நாள்ல நீ வர நேரமானா, நான் இந்த ஜன்னல்லயே நிப்பேன். நின்னு நின்னு எழுதினதுதான் அது," என்றார்.

இதெல்லாம் ஒரு பதிலா என்று எனக்குத் தோன்றியது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. என்னை எழுப்புங்க," என்றாள் பெரியம்மா.

மேடம் புத்தகத்தை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே பேனாவால் எழுதினார். நான் படித்துச் சொன்னேன். அவள் எழுந்தாள், சேலையை உதறினாள், படியைத் துடைக்க ஆளில்லையா என்று ஊரையே திட்டினாள், அடுத்த வண்டியைப் பிடித்து வேலைக்கு வந்தாள்.

"ஆங், இது நான்," என்று பெரியம்மா அடுக்களைக்குள் போய் அரிசி களைந்தாள். சாயங்காலம் குர்லா வழியாகத்தான் திரும்பினோம். பாலத்தில் மட்டும் என் கையை விடவில்லை.

கடையில் விற்ற புத்தகத்திலெல்லாம் அவள் செத்துத்தான் கிடப்பாள். எங்கள் சாமி அலமாரியில் இருப்பதில் உயிரோடு இருக்கிறாள்.

இப்போது என் மகன் ரயிலில் கல்யாண்வரை வேலைக்குப் போய் வருகிறான். மழையில் வண்டி தாமதமானால் நானும் ஜன்னலில் நிற்கிறேன். எனக்கு எழுத வராது. ஆனாலும் மனசு என்னென்னவோ கதை கட்டுகிறது. முருகா, முருகா என்று சொல்லி அதை அழிக்கிறேன். செம்பூர் வீட்டில் அந்த ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. அன்றைக்கு அதைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.