ஆடு என்று சொன்னோம்

கண்ணால் கண்டதை அப்பா அம்மாவே இல்லை என்று சொல்லிவிட்டால், ஒரு குழந்தை இனி எதை நம்பும்?

என் மகளுக்கு ஏழு வயது. பாளையங்கோட்டையில் பள்ளி விட்டு அப்பாவின் பைக்கில் வந்தவள், வழியில் ஒருவரை நாலைந்து பேர் அரிவாளால் வெட்டியதைப் பார்த்துவிட்டாள். என் கணவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அந்த மாமாவ ஏன்ப்பா வெட்டுதாங்க?"

"மாமாவா? அது ஆடுல்லா. கொடைக்கு வெட்டுதாங்க" என்றவர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களில் கிடா வெட்டுவதைப் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். அதனால் அந்தப் பொய் சட்டென்று வாயில் வந்துவிட்டது. சாட்சி என்று போலீஸ் வரும், பின்னாலேயே வெட்டியவர்களின் ஆட்களும் வருவார்கள் என்று அவருக்குப் பயம். எனக்கும்தான்.

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆடு செருப்பு போட்டிருந்துச்சே" என்றாள். நான் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன்.

அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தோம். ஆனால் படுக்கை நனையத் தொடங்கியது. பைக் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள்.

"ஓவர் செல்லம் மதினி. தினமும் மெத்தையக் காயப்போடுத பிள்ளைய எவன் கட்டுவான்?" என்று சிரித்தபடியே நாத்தனார் திருநீறு பூசிவிட்டாள்.

போன மாதம் கணவரின் ஊரில் கொடை. ஆற்றங்கரைக் கோயிலில் மாலை போட்டு நிறுத்தியிருந்த கிடாவைக் கண்டதும் என் கையை விட்டுவிட்டு அதன் முன்னால் போய் நின்றாள்.

"நீ மாமாவா?" என்று பைய கேட்டாள்.

"கிடாய்க்கு முறை சொல்லுதா பாரு" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது எதைப் பார்த்தாலும் என்னிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறாள். "அம்மா, அங்கன நிக்கது பஸ்தானா?"

குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார் வகுப்பு ஆசிரியை. கணவர் சம்மதிக்கவில்லை. "டாக்டர்ட்ட அவ வாயத் திறந்தா ஊர் பூராத் தெரிஞ்சுரும். தன்னால மறந்துருவா, விடுட்டி" என்கிறார்.

அவருக்குத் தெரியாமல் கூட்டிப்போகலாமா? அது ஆடு இல்லை என்று முதலில் நானே சொல்ல வேண்டுமா, மருத்துவர் முன்னால்தான் சொல்ல வேண்டுமா? சொன்னால் இன்னும் பயந்துவிடுவாளோ? இப்படி ஒரு பிள்ளையை வைத்திருந்தவர்கள் இதைப் படித்தால், எந்த வார்த்தைகளில் சொன்னீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.