திருடியைக் காட்டும் பெட்டி

கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய கொச்சங்காடியில் மிளகுக் கிடங்கு வைத்திருந்த சேட்டு, 1961இல் பம்பாயிலிருந்து ஒரு மின்சாரப் பெட்டியை வரவழைத்துக் கிடங்கு வாசலில் மாட்டினார். அது பேச்சியம்மாளின் குடியைக் கெடுத்தது.

பேச்சியம்மாள் தாலியறுத்தவள். பக்கத்துப் பள்ளுருத்தியில் வாடகைக் குடிசை. அந்தக் கிடங்கில் வருஷக்கணக்காக மிளகு புடைத்தவள். பக்கத்தில் உட்கார்ந்து புடைக்கும் ஆவுடையம்மாளின் மகனுக்குத் தன் மகள் மாயம்மாளைப் பேசி முடித்திருந்தாள். ஆவணியில் கல்யாணம். அது மட்டும் நடந்துவிட்டால் செத்தாலும் பரவாயில்லை என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் வேலை முடிந்ததும் பெண்கள் எல்லோரும் வாசலில் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எல்லோரும் உதறுவதால் யாருக்கும் வெட்கமில்லை. கேலியும் சிரிப்புமாக முடிந்துவிடும். பெட்டி வந்ததும் ஒவ்வொருத்தியும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டியதாயிற்று. பச்சை பல்பு எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் சோதனை. உண்மையில் அந்தப் பெட்டிக்கு ஒரு எழவும் தெரியாது. தாயம் உருட்டுகிற மாதிரி யாராவது ஒருத்திக்குச் சிவப்பைக் காட்டும், அவ்வளவுதான். வேலையாட்களை மேய்க்கிற மூப்பர் கமாலுதீனுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தே, "கள்ளி முன்னாடி வந்து நின்னா இது செவக்கும்" என்று பெண்களை மிரட்டி வைத்திருந்தான் படுபாவி.

ஒரே வாரத்தில் பேச்சிக்கு மூன்று தடவை சிவந்தது. மூன்று தடவையும் ஒரு மணி மிளகுகூடக் கிடைக்கவில்லை. பெட்டிதான் பொய் சொல்கிறது என்று ஒருத்திக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

"ஒன்னும் கிட்டலைன்னா, ஒளிக்கத் தெரிஞ்ச கள்ளின்னு அர்த்தம்," என்றாள் ஆவுடையம்மாள், பேச்சியை விட்டு முறத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டு.

பேச்சிக்குச் சோறு இறங்கவில்லை. மாயம்மாள் சின்னவளாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தாள். அவள் கஷாயத்துக்காக ஒரு பிடி மிளகைக் கொண்டைக்குள் முடிந்து கொண்டுபோனது நினைவுக்கு வந்தது. பெட்டி அதைத்தான் கேட்கிறது என்று நம்பிவிட்டாள். சொந்த ஊரில் மாடன் கோயிலில், செய்த தப்பைச் சொல்லி விழுந்து கும்பிட்டால் சாமி அதோடு விட்டுவிடும். பெட்டியும் விட்டுவிடும் என்று நினைத்தாளே, பைத்தியக்காரி!

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் பார்க்கப் பெட்டிக்கு முன்னால் விழுந்தாள். "எடுத்தது நெசந்தான். பிள்ளை காய்ச்சலுக்கு ஒரு பிடி எடுத்தேன். இனிமே என்னை விட்டுரு," என்று அழுதாள்.

"கேட்டீங்களா? மிஷினு வெறுதே பொய் சொல்லுமா?" என்றான் கமாலுதீன். அங்கேயே வேலை போயிற்று. கள்ளி வீட்டில் பெண்ணெடுக்க மாட்டேன் என்று ஆவுடையம்மாள் அந்த வாசலிலேயே சம்பந்தத்தை முறித்தாள்.

அடுத்த வாரம் ஆவுடையம்மாளுக்கே சிவந்தது. "மழையில மிஷின்ல ஈரம் அடிச்சிருக்கு," என்று கமாலுதீன் அவளைச் சோதிக்காமலே அனுப்பினான். அவளும் சிரித்துக்கொண்டே போனாள். பெட்டியைப் பழுதுபார்க்க எறணாகுளத்திலிருந்து வந்தவன்தான் உண்மையை உடைத்தான். கூட வேலை செய்த அம்மிணி அதைச் சொல்லப் பள்ளுருத்திக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, அதுக்குக் கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. நீ எடுத்தது அதுக்கு எப்படி அறியும்? சும்மா எரியுதாம்!"

பேச்சி அவளை முறைத்தாள். "போடி, மிஷினு பொய் சொல்லாது. ஆவுடையும் எப்பவாவது எடுத்திருப்பா." மாயம்மாள் உள்ளே நிற்பது தெரிந்துதான் அப்படிச் சொன்னாள். ஒன்றுமில்லாத ஒன்றுக்குப் பயந்து மகளின் வாழ்வைக் கெடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வாள்?

அம்மிணி போன பிறகு மாயம்மாள் வெளியே வந்தாள். அவள் அழவில்லை.

"எடுத்தது போகட்டும்மா," என்றாள். "அதைச் சொல்லுன்னு உங்கிட்ட யாரு கேட்டா?"