வாயில் இல்லாத ஏழு குண்டூசிகள்

அந்தத் தையற்கூடத்தில் முப்பது பேர் வேலை செய்தாலும், துணி வெட்டும் நீள மேசை ஒருவருக்கே உரியது. அவரை எல்லாரும் கத்தரியக்கா என்றே அழைத்தனர். துணியை ஒருமுறை நீவிப் பார்த்தாலே, துவைத்தபின் அது எத்தனை விரற்கடை சுருங்கும் என்று சொல்லிவிடுவார். வெட்டும்போது ஏழு குண்டூசிகளை உதடுகளுக்கிடையே கடித்துக்கொள்வது அவருடைய வழக்கம். கடைசி ஊசி துணியில் ஏறும்வரை அவரிடமிருந்து ஒரு சொல்லும் வராது.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவர் தலையில் பட்ட காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. கவனந்தான் திரும்பவில்லை. வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு கோட்டுச் சட்டைக்கு இரண்டு கைகளையும் இடக்கையாகவே வெட்டிவிட்டார்.

"ரெண்டு இடது கையோட யாராவது வந்தா மாட்டி அனுப்பலாம்க்கா," என்று முதலாளி சிரித்தார். மறுவாரமும் அதுவே நடந்தபோது அவர் சிரிக்கவில்லை.

"கொஞ்ச நாள் பட்டன் தைங்கக்கா. பள்ளிக்கூடச் சீருடைத் துணி வர ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள சரியாகலேன்னா வேற ஆள் பாக்கணும். தப்பா நெனைக்காதீங்க."

மருத்துவர் அவரை ஒரு பயிற்சி அறைக்கு அனுப்பினார். அங்கே வலைத்தொப்பி போன்ற ஒன்றைத் தலையில் மாட்டித் திரையின்முன் உட்காரவைத்தார்கள். திரையில் ஒரு ரயில் நின்றது. மூளையின் அலைகள் அமைதியான கவனத்துக்குரிய அளவில் இருந்தால் ரயில் ஓடும். அளவு மாறினால் நின்றுவிடும். கையில் பிடிக்கப் பொத்தானோ பிடியோ இல்லை.

"அப்போ நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்கம்மா. ரயிலைப் பாத்துட்டு இருங்க," என்றார் பயிற்சியளிக்கும் பெண். "இது மருந்து இல்ல, பழக்கம். இருபது தடவை வந்து பாருங்க. சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது."

ஒன்றும் செய்யாமலிருப்பதைவிடக் கடினமான வேலையைக் கத்தரியக்கா அதுவரை செய்ததில்லை. ரயில் நகர்ந்தது, நின்றது, மீண்டும் நகர்ந்து மீண்டும் நின்றது.

துணைக்கு வந்திருந்த கணவர் லிஃப்ட் மெக்கானிக். இடையில் நிற்கும் எதையும் அவரால் பொறுக்க முடியாது. "எல்லா ஸ்டேஷன்லயும் நிக்குதே! டிக்கெட் எடுக்கும்போதே பாசஞ்சர் வண்டின்னு சொல்லக்கூடாதா?" என்றார்.

பத்து அமர்வுகள் முடிந்தும் ரயில் மூன்றாம் நிலையத்தைத் தாண்டவில்லை. கத்தரியக்கா முனைந்து பார்க்கப் பார்க்க அது அடிக்கடி நின்றது. தையற்கூடத்தில் வெறுமையாகக் கிடந்த மேசையை அவர் இப்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பதினோராம் நாள், பயிற்சியளிக்கும் பெண் திரையோரத்துக் கோடுகளைச் சுட்டிக்காட்டினார்.

"இது மூளை இல்லம்மா, தாடைத் தசை. பல்லைக் கடிச்சா இப்படி முள்ளு முள்ளா வரும். அதுலதான் வண்டி நிக்குது."

"நான் எங்க கடிச்சேன்? வாயையே திறக்கலியே!"

கணவர் எழுந்து முன்னால் வந்து மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"வாயில குண்டூசி வெச்சிருக்கா."

"ஐயோ, ஊசியா! முதல்ல துப்புங்கம்மா!" என்று அந்தப் பெண் பதறினார்.

"நிஜ ஊசி இல்லம்மா. முப்பது வருஷமா இந்த மூஞ்சியப் பாத்தா நான் எதுவும் கேக்கமாட்டேன். கேட்டாலும் பதில் வராது."

கத்தரியக்கா உதட்டைத் தொட்டுப் பார்த்தார். உண்மைதான். ஏழு ஊசிகளும் அவற்றுக்குரிய இடத்தில் இருப்பதுபோல உதடுகள் இறுகியிருந்தன. அவருக்குச் சிரிப்பு வந்தது. திரையில் கோடுகள் தாறுமாறாகத் துள்ளின. சிரிப்பு அடங்கியதும், இல்லாத ஊசிகளை வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கணவரின் உள்ளங்கையில் வைத்தார்.

"பத்திரம். குத்திக்கப் போறீங்க."

கணவர் மிகக் கவனமாகக் கையை மூடிக்கொண்டார். அன்று ரயில் ஐந்தாம் நிலையம்வரை சென்றது.

அதன்பின் ஒவ்வொரு முறையும் ஏழு ஊசிகளும் கைமாறிய பிறகே பயிற்சி தொடங்கியது. இருபதாம் நாள் ரயில் எங்கும் நில்லாமல் கடைசி நிலையமான பத்தாவதை அடைந்தது. "எக்ஸ்பிரஸ்!" என்று கத்திய கணவர், அப்போதும் மூடிய கையைத் திறக்கவில்லை.

ரயில் ஓடியது சரி, கத்தரி ஓடுமா? சீருடைத் துணி வந்து இறங்கிய அன்று முதலாளி கட்டம் போட்ட துணி ஒன்றை மேசையில் விரித்து, "ஒரு கோட்டுக்குக் கை மட்டும் வெட்டுங்கக்கா," என்றார். பட்டன் தைப்பவர்களின் கைகள் நின்றன. கத்தரியக்கா வழக்கம்போல் ஊசிகளை எடுத்து உதட்டருகே கொண்டுபோனார். ஒரு கணம் நிறுத்தினார். அவற்றைச் சுண்ணக்கட்டிப் பெட்டியில் போட்டார். முதற்கையை வெட்டினார். காகித அச்சைத் திருப்பிப் போட்டு, கட்டத்தோடு கட்டம் பொருத்தி, அடுத்ததை வெட்டினார்.

முதலாளி இரண்டையும் தூக்கிப் பிடித்தார். ஒன்று இடம், மற்றது வலம். கட்டங்கள் கோடு பிசகாமல் சேர்ந்தன.

"நாளைக்குச் சீருடைத் துணியை உங்க மேசைக்கு அனுப்பறேன்."

"நாளைக்கு எதுக்கு? இன்னைக்கே விரிச்சுப் போடச் சொல்லுங்க தம்பி. ஒரு ராத்திரி கிடந்தாத்தான் துணியோட இழுப்பு விடும்," என்றார் கத்தரியக்கா, கத்தரியைக் கையிலிருந்து இறக்காமலே. அந்த மேசையருகே கத்தரியும் கையுமாக நின்று அவர் பேசிக் கேட்டவர் அதுவரை ஒருவரும் இல்லை.

அன்று மாலை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கத்தரியக்கா தொடங்கிய கதை, சாப்பிட்டுக் கை கழுவும்வரை நீண்டது. கட்டம் பொருந்திய இடத்தை மூன்றாம் முறையாக அவர் விவரித்தபோது கணவர் மூடிய கையை நீட்டினார்.

"உன் ஏழு ஊசியும் பத்திரமா எங்கிட்டதான் இருக்கு. திருப்பித் தரட்டுமா?"