இரட்டைப் பூட்டும் பாலிக் கடலும்

கருவூலத்தில் வேலை பார்த்தவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் சில பழக்கங்கள் போவதில்லை. பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், இன்னொன்று கணக்கரிடம். இரண்டும் ஒரே கைக்கு வரக் கூடாது. செஞ்சி சார்நிலைக் கருவூலத்தில் நான் அதிகாரியாக இருந்தவரை வந்ததில்லை. ஆகவே மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் பெர்த் நகருக்குக் கிளம்பியபோது, என் பாஸ்போர்ட் என் சட்டைப் பையிலும் அவளுடையது அவள் கைப்பையிலும் இருந்தன. இந்த ஏற்பாட்டின் நியாயத்தை அவளுக்கு விரிவாக விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே புளிச்சோற்றைப் பொட்டலம் கட்டினாள்.

பெங்களூரில் ஏறி பாலியில் இறங்கினோம். அடுத்த விமானம் மாலையில்தான். மறுநாள் காலை மகளுக்கு அறுவை சிகிச்சை. குழந்தை குறுக்கே திரும்பிக் கிடந்தது. மருமகனுக்கு எங்கோ வடக்கே சுரங்கத்தில் வேலை. அங்கே புயலில் விமானங்கள் நின்றுபோய் அவர் மாட்டிக்கொண்டிருந்தார். மாலை விமானத்தை நாங்கள் விட்டால், மகள் தன்னந்தனியாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனில் அவள் சொன்னது இதுதான்: "நைனா, எங்கியும் போவாம ஒரே இடத்துல உட்காருங்க. ஃபிளைட்டை மட்டும் விட்டுடாதீங்க."

உட்கார எனக்கு ஆட்சேபணை இல்லை. மனைவிதான் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், ஓடுபாதை முடிகிற இடத்தில் தெரிந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாசி மகம். எங்கள் ஊர் ரங்கநாதர் அன்று வண்டியேறி புதுச்சேரிக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். அவர் பின்னாலேயே பஸ் பிடித்துப் போய் இவள் மூன்று முழுக்குப் போடுவாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை. கூட்டத்தில் திருட்டு உண்டு என்பதால் ஒருவர் குளிக்க, ஒருவர் கரையில் பைக்குக் காவல். காவல் எப்போதும் நான்தான். கடல் என்னைத் தொட்டதில்லை.

"சாமியே இன்னிக்குக் கடலுக்குப் போவுது. கடல் பக்கத்துலயே குந்திக்கினு நான் குளிக்காம போயி, நாளைக்குப் பொண்ணுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

இதற்கு எந்த விதித் தொகுப்பிலும் பதில் இல்லை. மனதுக்குள் கணக்குப் போட்டேன். இறங்கியதும் விசா வாங்கலாம். பெட்டிகள் நேராகப் பெர்த்துக்குப் போய்விடும். கடற்கரை கூப்பிடு தூரம். போய்த் திரும்பினாலும் பாதி நேரம் மிஞ்சும். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது.

கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் துணிச் சிக்கனத்தோடு படுத்திருந்தார்கள். ஆனால் கொஞ்சம் தள்ளி, வெள்ளைச் சட்டையும் இடுப்பில் துண்டுமாக உள்ளூர்க் குடும்பம் ஒன்று குருத்தோலைத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்து அலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அங்கேயும் பௌர்ணமி விசேஷம் போலிருக்கிறது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பையிலிருந்த மஞ்சளை எடுத்து முகத்தில் பூசிக்கொண்டு, கட்டிய புடவையோடு தண்ணீரில் இறங்கினாள். மாற்றுப் புடவை பெட்டியில் இருந்தது. பெட்டி விமானக் கம்பெனியிடம் இருந்தது. இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் முதல் முழுக்கு முடிந்தது.

இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது முழுக்கில் ஒரு பெரிய அலை வந்து அவள்மேல் கவிழ்ந்தது. அலை வடிந்த இடத்தில் அவள் இல்லை. வெறும் நுரை. பையைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது. கையில் புடவைத் தலைப்பு சிக்கியது, இழுத்தேன், அடுத்த அலையில் நானும் விழுந்தேன். மணலும் உப்புமாக இரண்டு பேரும் தவழ்ந்து கரைக்கு வந்தோம். இருமல் நின்றதும் அவள் சொன்னாள்: "இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்களும் முழுக்குப் போட்டுக்கினீங்க."

அப்போதுதான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் கோயில் ஊர்வலம் ஒன்று சாலையை அடைத்து நின்றது. ஈரப் புடவைக்கு அடியில் டாக்சிக்காரர் பிளாஸ்டிக் தாளை விரித்திருந்தார். மிஞ்சும் என்று நான் கணக்கிட்ட நேரமெல்லாம் மேளத்துக்குப் பின்னால் நத்தையாக நகர்ந்தது. நான் பாஸ்போர்ட்டை ஜன்னல் காற்றில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

குடிநுழைவு மேடையில் அவளுடையதில் முத்திரை விழுந்தது. அவள் அந்தப் பக்கம் போய் நின்றாள். என்னுடையதை வாங்கிய அதிகாரி முதல் பக்கத்தைப் பிரித்தார். அது உரிந்து அவர் விரலோடு வந்தது. அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மேசை விசிறி முன்னால் அதைக் காட்டிப் பார்த்துவிட்டு, மேலதிகாரியிடம் கேட்க வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். வேலையில் இருந்தவரை நானே வைத்திருந்த முகம். புகைப்படப் பக்கம் உரிந்த பாஸ்போர்ட் செல்லாது என்பதை அவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒலிபெருக்கியில் எங்கள் இருவர் பெயரையும் கடித்துத் துப்பிக் கடைசி அழைப்பு விடுத்தார்கள்.

"பேசுங்களேன். உங்களுக்குத்தான் எல்லா ரூல்சும் தெரியுமே," என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து.

"தெரியுறதாலதான் சொல்றேன். நீ போ."

"நான் ஒண்டியாவா? திண்டிவனம் தாண்டி நான் ஒண்டியா போனதில்ல. அங்க எறங்கி இன்னா பேசறது?"

"ஒண்ணும் பேசாத. பாஸ்போர்ட்டை நீட்டு. மிச்ச மஞ்சளை மட்டும் மறைச்சு வைக்காத, நீயே எடுத்துக் காட்டு. அங்க வேரு, விதை எதையும் கேக்காம உள்ள விடமாட்டாங்க. பொண்ணு ஒண்டியா இருக்குது."

கடைசிச் சொல்தான் வேலை செய்தது. அவள் ஈரப் புடவையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான். பளபளத்த தரையில் கொஞ்ச தூரம் ஈரச் சுவடு தெரிந்தது. துடைப்பத்தோடு வந்த ஒருவர் அதைத் துடைத்துவிட்டார். அவள் ஏறினாளா என்று எனக்குச் சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை.

மறுநாள் மதியம் குடிநுழைவு அலுவலகத்தில் என்னை ஒரு போன் பேச அனுமதித்தார்கள். என் போன் கடல் குடித்திருந்தது. மகளின் எண்ணை மனப்பாடமாக வைத்திருந்ததற்கு என்னையே மெச்சிக்கொண்டேன். மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தேன்.

எடுத்தவள் மனைவி. பின்னால் ஏதோ சின்னதாக அழுதுகொண்டிருந்தது.

"பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்குறாங்க. மயக்கம் தெளியற வரைக்கும் கையைப் பிடிச்சுக்கினே இருந்தேன்." மூச்சு விட்டுக்கொண்டு சொன்னாள்: "மஞ்சளை நானே எடுத்துக் காட்டினேன். வாங்கிக் குப்பையில போட்டாங்க. கைப்பை பாஸ்போர்ட்டு மட்டும் நனையவே இல்ல, பாருங்க."

இரட்டைப் பூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

"நீங்க மெதுவா வாங்க. இங்க உங்களுக்கு அவசரமா ஒரு வேலையும் இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டாள்.