மங்கலுக்குப் பின்னால் ஒரு வாசல்

என் கணவன் ரோல்வென் எதையும் ஒருமுறை பார்த்துத் திருப்திப்படுகிற ஆள் இல்லை. இரண்டு கேமராவில் பார்க்க வேண்டும். லா பாஸ் சந்தையில் பாட்சோய் சாப்பிடப் போனால், கிண்ணத்திலிருந்து எழும் ஆவியை முதலில் பழைய கேமராவில் எடுப்பான், பிறகு புதியதில் எடுப்பான். அதற்குள் சூப் ஆறி நூடுல்ஸ் ஊறிப்போயிருக்கும்.

"ரெண்டுல எது சினிமா மாதிரி இருக்கு, பலாங்கா?" என்பான். பலாங்கா என்றால் கண்ணே. எங்கள் இலோயிலோவில் ஆண்பிள்ளைகளுக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தால்தான் அந்தச் சொல் வாயில் வரும்.

"எது சூடா இருந்துச்சோ அது" என்பேன்.

சின்ன வயதில் அவன் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவன். கதவைச் சாத்திவிட்டுப் பின்சுவரில் சாய்ந்து படம் பார்ப்பானாம். எந்தப் படத்தின் கதையும் அவனுக்கு நினைவில்லை. நாயகியின் முகம் மட்டும் தெளிவாக இருக்க, அவளுக்குப் பின்னால் தெருவிளக்குகள் உருண்டை உருண்டையாகக் கரைந்து நின்றது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. கொட்டகையை மூடியதும் திருவிழா வீடியோக்காரர் ஒருவரிடம் விளக்குப் பிடித்தான், பிறகு கேமரா பிடித்தான், பிறகு என்னைப் பிடித்தான். இப்போது அவன் எடுக்கிறான், நான் வெட்டி ஒட்டுகிறேன். கல்யாணங்கள்தான் எங்கள் பிழைப்பு.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் அன்றைய படத்தை அன்றைக்கே காட்டியாக வேண்டும். மணமகளுக்குத் தலை வாருவதிலிருந்து தேவாலயத்தில் திருப்பலி முடிவது வரை எடுத்ததை, விருந்து முடிவதற்குள் வெட்டி, நிறம் திருத்தி, பாட்டுப் போட்டு, மண்டபத்துத் திரையில் ஓட்ட வேண்டும். முழுப் பன்றி வறுவலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேசை போடுவார்கள். வருகிறவர்கள் மொறுமொறு தோலைக் கடித்துக்கொண்டே என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து யோசனை சொல்வார்கள். நான் சிரித்துக்கொண்டே திட்டுவேன். இந்த ஊரில் திட்டுவதும் தாலாட்டு மாதிரிதான் ஒலிக்கும் என்பதால் யாருக்கும் உறைக்காது.

மோட்டார் சைக்கிளை விற்றுத்தான் புதுக் கேமராவை வாங்கினான். வாங்குவதற்கு முன்னால் ஊர் உலகத்தில் யார் யாரோ கேமராக்களை ஒப்பிட்டுப் பேசும் வீடியோக்களைச் சாப்பிடும்போதும் பார்த்தான், படுக்கும்போதும் பார்த்தான். வாங்கிய பிறகும் விடவில்லை. சன்னலோரத்தில் என்னை நிறுத்தி இரண்டிலும் எடுத்தான். பழையதில் வெள்ளைத் துணி வெயிலில் பட்டால் வெறுங்காகிதமாக வெளுத்துவிடும், இருட்டு புள்ளி புள்ளியாக நொறுங்கும். புதியதில் கவுனின் பின்னல் வேலையும் தெரியும், பெஞ்சுக்கு அடியில் இருக்கும் இருட்டும் தெரியும். லென்ஸை முழுக்கத் திறந்துவிட்டால் முகத்தைத் தவிர மற்றதெல்லாம் வெண்ணெயாகக் கரையும். அந்தக் கரைதலுக்காகத்தான் அவன் உயிரை விட்டான். பழையதோ மூக்கு நுனியிலிருந்து பின்சுவர் வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே தெளிவாகக் காட்டித் தொலைக்கும்.

"கடையில திருடனைப் பிடிக்க மாட்டி வெச்சிருப்பாங்களே, அந்தக் கேமரா மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளிப்பான்.

புதியதிலும் ஒரு சங்கடம் உண்டு. பதிவு முதலில் சாம்பல் பூத்து வரும், நிறத்தை நான்தான் பிறகு வரவழைக்க வேண்டும். அது தெரியாத ஓர் அத்தை ஒருமுறை என் திரையைப் பார்த்துவிட்டு, "எங்க பொண்ணு ஏன் நேத்து மீன் மாதிரி இருக்கா?" என்று அலறினாள்.

ஆனெலின் என்ற பெண்ணின் கல்யாணத்துக்குப் பழைய கேமரா வரவே கூடாது என்றான் ரோல்வென்.

"ரெண்டு நிறமும் சேராது. படம் ஒட்டுப்போட்ட பாவாடை மாதிரி இருக்கும்."

"புதுசு நடுவுல சூடாகி அணைஞ்சுபோச்சுன்னா? பாதிரியாரை இன்னொரு தரம் கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்லுவியா?"

நானே எடுத்துக்கொண்டு போனேன். பீடத்துக்குப் பக்கத்தில் பூ ஜாடிகளுக்கு நடுவே அதை நிறுத்தி ஓடவிட்டேன். அதற்குப் பக்கத்தில் ரோல்வென் புதியதோடு நின்றான். இரண்டும் ஒரே திசையைத்தான் பார்த்தன. முன்னால் மணமக்களின் முகம், பின்னால் பெஞ்சுகள், அதற்கும் பின்னால் தேவாலயத்தின் வாசல்.

சாயங்காலம் மண்டபத்தில் பாதிப் படத்தை வெட்டியிருப்பேன். கல்யாணக் கவுனை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆனெலின் என் மேசைக்கு வந்தாள். பூச்சையும் மீறி முகம் வெளிறியிருந்தது.

"மனாங், நீங்க எடுத்ததுல வாசல் தெரியுமா?" மனாங் என்றால் அக்கா.

"என்னம்மா ஆச்சு?"

அவளுடைய அப்பா எர்னிங் கப்பலில் சமையல்காரராக இருந்தவர், அங்கே அடிபட்டதிலிருந்து ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார். அவள் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே இவளையும் அம்மாவையும் விட்டுவிட்டு எதிர்க்கரையில் பகோலோத் ஊரில் வேறொருத்தியோடு குடியேறிவிட்டார். 'அவன் வந்தால் நான் மண்டபத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்' என்று அம்மா நெனீத்தா முன்பே சொல்லியிருந்தாள். ஆனெலின் அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. போனும் அணைந்தே கிடந்தது.

"நான் பீடத்தைப் பாத்து நின்னேன், திரும்ப முடியல. வாசல்ல யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து போனதா என் மச்சினன் சொல்றான். அம்மா யாருமே வரலைங்கிறா. வந்திருந்தா இப்போ படகுத்துறையிலதான் இருப்பாரு. இருட்டுறதுக்குள்ள கடைசிப் படகு போயிடும்."

"ஓடிப் போய்ப் பாத்துட்டு வாயேன்."

"சின்னப் பிள்ளையில அந்தத் துறையில நாள் பூரா நின்னிருக்கேன், மனாங். வரேன்னு சொன்னாரு, வரல. வராத ஆளைத் தேடிக் கல்யாண உடுப்போட இன்னொரு தரம் போய் நிக்க மாட்டேன். வந்தாரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. வரலைன்னா இன்னையோட அந்த ஆள் எனக்கு இல்ல."

ரோல்வென்னைக் கூப்பிட்டேன். மோதிரம் மாற்றும் காட்சியைத் திரையில் நிறுத்தினோம். உள்ளபடியே சொல்கிறேன், அவன் எடுத்ததிலேயே அழகான படம் அதுதான். ஆனெலினின் இமைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது, கன்னத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சம் வழிந்தது. வாசல் மட்டும் ஒரு வெளிச்ச உருண்டையாகக் கரைந்திருந்தது. அந்த உருண்டையின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை.

"இது ஆளா, தூணா?" என்றாள் ஆனெலின்.

கூர்மையைக் கூட்டினேன். வெளிச்சத்தைக் குறைத்தேன், பெரிதாக்கினேன். சின்னக் கறை பெரிய கறையானதுதான் மிச்சம். அடுத்த காட்சி, அதற்கடுத்த காட்சி, எல்லாவற்றிலும் முகம் முகமாகத் தெளிவு, பின்னால் வெண்ணெய். மண்டபத்துச் சன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

"லென்ஸைக் கொஞ்சம் மூடியிருந்தாப் போதும்" என்று முணுமுணுத்தான் ரோல்வென். "பின்னால யாரு நிக்கிறாங்கன்னு நான் பாக்கவே இல்ல."

"பழசு எங்கே?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் பின்னால நகர்ந்தப்போ அது என் படத்துக்குள்ள மூக்கை நீட்டுச்சு. ஜாடிக்குப் பின்னால தள்ளிவிட்டுட்டேன். அப்புறம் ஓடுச்சா நின்னுச்சான்னு தெரியல."

அந்த நிமிஷம் அவனைக் கொன்றிருப்பேன். பையைக் கவிழ்த்துப் பழைய கேமராவை எடுத்து, அதன் மெமரி கார்டை உருவிக் கணினியில் செருகினேன். திறக்க மாட்டேன் என்று திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனெலின் என் நாற்காலியின் முதுகைப் பிடித்த பிடியில் நாற்காலியே நடுங்கியது.

திறந்தது. திரையின் கால் பாகத்தை ஓர் இலை மறைத்திருந்தது. கவுன் வெறுங்காகிதமாக வெளுத்திருந்தது. ஆனால் மற்ற எல்லாமே தெரிந்தன. மின்விசிறித் தூசி தெரிந்தது, கொட்டாவி விடும் ஞானத்தாய் தெரிந்தாள், நடைபாதையில் படுத்திருந்த நாய் தெரிந்தது. வாசலோரம் தீர்த்தத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, பழுப்பு பாரோங் சட்டையில் ஒரு மனிதர் நின்றிருந்தார்.

"அப்பா" என்றாள்.

ஓட்டிப் பார்த்தேன். வாசகம் படிக்கும்போதும் நின்றார், மோதிரம் மாற்றும்போதும் நின்றார், சடங்குக் காசுகளை மணமகள் கையில் கொட்டும்போதும் நின்றார். கடைசிப் பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தும் உட்காரவில்லை. கூட்டம் எழுந்து கைதட்டியது. மணமக்கள் வாசலை நோக்கித் திரும்புவதற்குச் சற்று முன்னால், காலை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆனெலின் அதற்குள் கதவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். ரோல்வென் வேன் சாவியை எடுத்தான். இரண்டு கேமராவையும் என் மேசையிலேயே போட்டுவிட்டு அவன் ஓடியதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அவர்கள் போன சற்று நேரத்துக்கெல்லாம் நெனீத்தா என் எதிரே வந்து நின்றாள். நெட்டையான பெண்மணி. மகளைக் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் அழைத்துப் போனவள் அவள்தான்.

"என் பொண்ணு எங்கே?"

"மேக்கப் சரி பண்ணப் போயிருக்கா, மனாங்."

"மேக்கப்காரி அங்கே உக்காந்து தின்னுட்டிருக்கா."

திரையை மூடக் கை போனது. அதற்குள் அவள் குனிந்துவிட்டாள். தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரை வெகுநேரம் பார்த்தாள்.

"எப்ப வந்தான்?"

"ஆரம்பத்துலருந்தே இருக்காரு."

"பூசை முழுக்கவா?"

"ஆமா."

"அந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

துறையிலிருந்து படகு ஊதியது. எங்கள் மண்டபம் துறைக்குப் பக்கத்தில்தான். அந்த ஓசையில் நெனீத்தாவின் முகம் ஒருமுறை இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். தன் மேசைக்குப் போய் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், எழுந்து போகத் தயாராக இருப்பவளைப் போல.

போன் அடித்தது. ரோல்வென்.

"கிடைச்சாரா?"

"வரிசையில கடைசி ஆளா நின்னாரு. வரமாட்டேன்னு ஒரே அடம். இவ கையை விடல. படகு போயிடுச்சு, அழைச்சிட்டு வரோம்." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "பலாங்கா, பழைய கேமராக் காட்சியைப் படத்தோட கடைசில போடு. ஆனெலின் கேக்கிறா. எல்லாரும் பாக்கணுமாம்."

"அவங்க அம்மா கைப்பையோட உக்காந்திருக்காங்க, தெரியுமா?"

"தெரியும்னு சொல்றா."

"நிறம் சேராதே, ரோல்வென்."

"சேர்க்காதே. அப்படியே விடு."

இருபது வருஷமாக 'சினிமா மாதிரி' என்று உயிரை எடுத்தவன் சொன்ன வார்த்தை அது. ஒட்டினேன். பூசை முழுவதையும் காட்ட நேரம் இல்லாததால் அந்தக் காட்சியை வேகமாக ஓடும்படி செய்தேன்.

அவர்கள் வந்தபோது அறிவிப்பாளர் மூன்றாவது முறையாக ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனெலினின் கவுன் ஓரமெல்லாம் துறையின் கரி. அவள் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எர்னிங் உள்ளே வரவில்லை. மண்டபத்து வாசலிலேயே கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். விளக்குகளை அணைத்தார்கள்.

படம் ஓடியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கும் கரைந்த விளக்குகளுக்கும் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பாட்டு நின்றது. சட்டென்று அந்த வெளிறிய காட்சி வந்தது. நாயைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். தேவாலயம் முழுவதும் விறுவிறுவென்று உட்கார்ந்தது, எழுந்தது, மண்டியிட்டது, மறுபடி உட்கார்ந்தது. வாசலோரத்தில் ஒரே ஒருவர் மட்டும் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியது. ஒவ்வொருவராகத் திரும்பி மண்டபத்து வாசலைப் பார்த்தார்கள்.

நெனீத்தா கைப்பையோடு எழுந்தாள்.

ஆனெலின் "அம்மா" என்றாள். நெனீத்தா திரும்பவில்லை. நேரே வாசலுக்கு நடந்தாள். நான் ரோல்வென்னின் கையைப் பிடித்துக்கொண்டேன். எர்னிங் வழிவிட்டு ஒதுங்கினார். அவள் வெளியே போகவில்லை, அவருக்கு எதிரே நின்றாள்.

"நின்னது போதும், எர்னிங்" என்றாள். "வந்து உக்காரு."