பீரிஸில் ஒரு கரண்டி கறி

கறி கொதித்து இறங்கும் நேரத்தில் சிவநந்தினி அகப்பையால் அடியிலிருந்து மேலாக ஒரு முறை கலக்குவாள். அகப்பை நுனியில் நிற்கும் குழம்பை இடது உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே குழிந்திருக்கும் இடத்தில், ஒரு சொட்டு விடுவாள். ஊதி ஆற்றுவாள். நக்குவாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் நிற்பாள். பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அதையே முதலிலிருந்து இன்னொரு தடவை செய்வாள். அப்போதும் முடிவு வராது. சுவரோரம் கவிழ்த்து வைத்திருக்கும் பீரிஸை எடுப்பாள். மேலிருந்த கோப்பை எப்போதோ உடைந்துபோய்த் தனியே மிஞ்சிய அடித்தட்டு அது. அதில் ஒரு கரண்டி கறியை ஊற்றி, சிந்தாமல் ஏந்திக்கொண்டு, முற்றத்தைக் கடந்து மஸூதாவின் குசினிக் கதவில் போய் நிற்பாள்.

“ராத்தா, உப்பு பாருங்களேன்.”

மஸூதா செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு விரலால் தொட்டு நாக்கில் வைப்பாள். ஒரு விநாடி கூரையைப் பார்ப்பாள்.

“சரியா ஈக்கி புள்ள. போய்க் கட்டு.”

அந்தச் சொல் கிடைத்த பிறகுதான் சிவநந்தினி பார்சல் கட்டும் லன்ச் ஷீட்டுகளை விரித்துச் சோறு போடத் தொடங்குவாள்.

மாத்தளை டவுனில், கொங்காவெலைப் பக்கம், ஜுனைதீனுடைய வீட்டின் பின்னால் ஓர் அறையும் அதை ஒட்டித் தகரம் போட்ட ஒரு சாய்ப்பும் இருக்கின்றன. அறையில் சிவநந்தினியும் மகள் விதுஷாவும் இருக்கிறார்கள். சாய்ப்பில் சோற்றுப் பார்சல் சமையல். பருப்பு, ஒரு மரக்கறி, சம்பல், பொரித்த மீன். ஜுனைதீன் கிராமங்களுக்குப் போய் மிளகும் கராம்பும் வாங்கி வந்து கடைகளுக்கு விற்பவர். டவுனுக்குப் போகும்போது பார்சல்களையும் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைகளில் இறக்குவார். மஸூதா அவருடைய மனைவி. சிவநந்தினியைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அதனால்தான் ராத்தா.

“சீல் குத்தியாச்சா?” என்பாள் விதுஷா, அம்மா பீரிஸோடு திரும்பி வருவதைப் பார்த்து. “நீங்கதான் ரெண்டு தடவ நக்கிப் பாத்தீங்கல்ல? அப்புறம் என்னத்துக்கு பக்கத்து வீட்டு நாக்கு?”

“வாய மூடிக்கிட்டு ஷீட்ட எடு.”

விதுஷாவுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. அவளுடைய அப்பா உதயராஜ் சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை செய்தவன். வெள்ளைக்காரர்களுக்குப் பரிமாறிவிட்டு லீவில் வருகிறவனுக்கு வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லை. அவன் அடித்ததில்லை, கத்தியதும் குறைவு. ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பான். தம்ளரில் இருக்கும் தண்ணீரை அப்படியே சோற்றில் ஊற்றுவான். எழுந்துவிடுவான். “ஒனக்கு நாக்குச் செத்துப் போச்சு” என்பான், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. அவன் போன பிறகு அவள் அந்தத் தட்டிலிருந்தே எடுத்து வாயில் வைத்துப் பார்ப்பாள். தண்ணீர் ஊற்றிய சோற்றில் எதைக் கண்டுபிடிப்பது?

பல வருடம் இப்படி. உப்பில் தொடங்கியது மற்ற எல்லாவற்றுக்கும் பரவியது. பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுத் தொடச் சொல்வாள். கடையில் பச்சைச் சேலையா நீலச் சேலையா என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வருவாள். உதயராஜ் தம்புள்ளையில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டது ஊருக்கே தெரிந்த பிறகும், தனக்குத் தெரிந்தது சரிதானா என்று அவனிடமே கேட்டாள். அவன் ஆமாம் என்றான். அதற்குப் பிறகுதான் மகளைக் கூட்டிக்கொண்டு மாத்தளைக்கு வந்தாள். கொரோனா அடங்கிய கையோடு, ஊர் மறுபடி கடை திறந்துகொண்டிருந்த நேரம் அது.

வந்த முதல் வாரம் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, அதன் முன்னால் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள். மஸூதா எட்டிப் பார்த்தாள்.

“என்னத்துக்கு புள்ள அழுற?”

“உப்பு சரியா இருக்கான்னு தெரியல.”

மஸூதா சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்து, கைக்கு அகப்பட்ட அந்தப் பீரிஸை எடுத்து, அதில் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னாள். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்தான் இது.

அந்த வீட்டில் சிவநந்தினிக்கு ஆச்சரியமான ஒரு விஷயம் இருந்தது. ஜுனைதீன் குசினிக்குள் வருவார். வெளியே போகும் அவசரத்திலும் சட்டியைத் திறந்து, உப்புப் போத்தலில் கையை விட்டு, தானே போட்டுக் கலக்கிவிட்டுப் போவார். மஸூதா அதைக் கவனிக்கக்கூட மாட்டாள்.

“ஜுனைதீன் நானா ஒங்க சமையல்ல கை வைக்கிறாரே, கோவம் வராதா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“அவர் கறி, அவர் உப்பு. எனக்கென்ன?”

குசினிக்குள் வரும் ஆண் என்றால் குறை சொல்லத்தான் வருவான் என்று அவள் நினைத்திருந்தாள். இப்படியும் வரலாம் என்பது புதிதாக இருந்தது.

மஸூதா ஒருபோதும் குறை சொன்னதில்லை என்பதும் அவளுக்குச் சில சமயம் உறுத்தும்.

“ஒரு நாளாவது கூடிப் போச்சுன்னு சொல்ல மாட்டீங்களா ராத்தா?”

“கூடினாச் சொல்லுவேன். கூட இல்லியே.”

நோன்பு மாதத்தில்தான் திண்டாட்டம். நாக்கில் வைக்க முடியாத மஸூதா, பீரிஸை மூக்குக்கு நேரே பிடித்து இழுத்து முகர்ந்து, “சரியா ஈக்கி” என்பாள்.

“வாசத்துல உப்பு தெரியுமா?”

“எனக்குத் தெரியும். பெரிய மூக்கு.”

ஆனால் ஒரு நாள் மாலை, அதே மூக்குக்காரியின் அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து மஸூதா நிம்மதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முற்றத்துக்கு அப்பாலிருந்து சிவநந்தினிதான் ஓடிப்போய் இறக்கினாள். “பெரிய மூக்கு எங்க போச்சு?” என்று விதுஷா ஒரு வாரம் கேலி செய்தாள். வெங்காய நெடியில் தெரியவில்லை என்றாள் மஸூதா.

போன வருடம் ஆடி மாதம் மாடசாமி வந்தார். இரத்தோட்டை வீதியில் ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வருடா வருடம் திருவிழாச் சமையல் அவர் கைதான். அந்தக் கை இப்போது கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கியது. தண்ணீர்ப் பீலிக்கரையில் வழுக்கி விழுந்திருந்தார்.

“பஸ் ஸ்டாண்டுல ஒன் பார்சல்தாம்மா சாப்புடுறேன். இந்த வருசம் நீ வந்து செஞ்சு குடு.”

“அவ்வளவு பேருக்கு நான் செஞ்சதில்ல மாமா.”

“நறுக்குறதுக்கு, கிண்டுறதுக்கெல்லாம் ஆளு நிக்குது. உப்பும் புளியும் மட்டும் ஒரே கையில இருக்கணும். படையல் ஆகுற வரைக்கும் யாரும் நாக்குல வைக்கக் கூடாது, அது தெரியும்தானே?”

தெரியும். அதுதான் பிரச்சினை. அம்மனுக்கு வைக்கும் முன் ருசி பார்த்தால் அது எச்சில். அண்டா அண்டாவாகச் சமைத்து முடித்து, படைத்து, தீபம் காட்டி, பந்தியில் முதல் ஆள் வாயில் வைக்கும் வரை அது எப்படி இருக்கிறது என்று சமைத்தவளுக்கே தெரியாது. போதாததற்கு, அந்தத் தோட்டத்தில்தான் உதயராஜின் அக்கா அழகம்மா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பிசகினால் தோட்டம் முழுக்கச் சொல்லும். அதைவிட, அவன் சொன்னது உண்மைதான் என்று அவளுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பார்சல் கட்ட முடியும் என்று தோன்றவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, பீரிஸ் இல்லாமலே முற்றத்தைக் கடந்தாள்.

“ருசி பாக்க ஏலாதாம் ராத்தா. நீங்களும் அங்க இருக்க மாட்டீங்க.”

“நோன்பு மாசம் முழுக்க நாக்குல வெக்காமத்தானே ஒனக்குச் சொன்னேன். ஒரு நாளாவது பிழையாப் போச்சா?”

“அது நீங்க.”

“நான் சொல்லியது மட்டுந்தான். ஆக்கியது நீ.” மஸூதா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். “போ புள்ள. போய்ட்டு வா.”

திருவிழா அன்று விடிவதற்குள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அவள் கோயிலின் பின்புறம் நின்றாள். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்திலிருந்து இறங்கிய பனி தேயிலைச் செடிகளின் மேல் இன்னும் எழுந்திருக்காமல் கிடந்தது. தேங்காய் துருவும்போது துருவலையின் பல் வலது உள்ளங்கையைக் கீறிவிட்டது. மஞ்சளை அப்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். சோறு வெந்தது. பூசணிக்காய்க் கூட்டு இறங்கியது. சாம்பார் அண்டா கொதித்துக்கொண்டிருந்தபோது அழகம்மா வந்தாள். வந்தவள் முதலில் அண்டாவைப் பார்த்தாள், பிறகுதான் ஆளை.

“உப்பு போட்டியா?”

“போட்டேன் அண்ணி.”

“எப்ப போட்ட? நான் அங்கருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“நானும் பாக்கல” என்றாள் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி.

சிவநந்தினி உப்புச் சாக்கைப் பார்த்தாள். போட்டேனா? கூட்டுக்குப் போட்டதைத்தான் சாம்பாருக்குப் போட்டதாக நினைத்துக்கொள்கிறேனா? அழகம்மா உப்புச் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிவிட்டாள்.

“ஒரு கை போட்டுர்றேன். சாமிக்கு வைக்கிறது. ஒனக்குத்தான் உப்பு தெரியாதுன்னு தம்பி எத்தன தடவ சொல்லிட்டான்.”

சிவநந்தினி பழக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். முற்றம் இல்லை, குசினிக் கதவு இல்லை. தேயிலைதான் இருந்தது, வரிசை வரிசையாக.

அப்போதுதான் உள்ளங்கை எரிவது தெரிந்தது. காலையிலிருந்து மஞ்சளுக்குள் அடங்கியிருந்த கீறல். கூட்டு இறங்கிய பிறகு கையைக் கழுவியது நினைவுக்கு வந்தது, கழுவியதும் எரிச்சல் நின்றது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு மறுபடி பற்றிக்கொண்ட எரிச்சல்தான் இது. இந்த அண்டாவின் ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைப்பிடி கைப்பிடியாக உப்புப் போட்டபோது, ஒவ்வொரு பிடிக்கும் பல்லைக் கடித்ததும் நினைவுக்கு வந்தது. வேண்டிய அளவுக்கு எரிந்திருந்தது.

மூடியை எடுத்து அண்டாவின் மேல் வைத்தாள்.

“வேணாம் அண்ணி. போட்டாச்சு.”

“சரியா இருக்குமா?”

“இருக்கும்.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லி வெகு காலம் ஆயிற்று என்று தோன்றியது. அழகம்மா கையிலிருந்த உப்போடு கொஞ்ச நேரம் நின்றாள். ஆவியில் அது கசியத் தொடங்கியதும் சாக்கிலேயே உதறிவிட்டு, “என்னமோ செய்” என்று போனாள்.

படையல் முடிந்து பந்தி உட்கார்ந்தது. சிவநந்தினி பரிமாறப் போகவில்லை, தூணோரம் நின்று வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பாரை இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார்கள். கூட்டில்தான் உப்புக் கொஞ்சம் மட்டு. கங்காணி வீட்டுப் பெரியவர் ஒருவர் நேரடியாகவே சொன்னார்.

“கூட்டுக்கு உப்பு பத்தலியே தாயி.”

“இந்தாங்க தாத்தா” என்று அவள் ஓர் இலைத்துண்டில் உப்பைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அவள் திரும்பி வந்து மறுபடி தூணோரம் நின்றாள்.

புறப்படும் நேரத்தில் அழகம்மா ஒரு தூக்குச் சட்டியோடு வந்தாள்.

“தம்பி நாளைக்கு வர்றான். சாம்பார் மிச்சம் இருந்தா கொஞ்சம் ஊத்து. காய்ச்சி வைக்கிறேன்.”

சிவநந்தினி சட்டி நிறைய ஊற்றி, மூடியை அழுத்தி மூடினாள்.

“அவரு என்ன சொன்னாருன்னு எனக்கு வந்து சொல்ல வேணாம் அண்ணி.”

அழகம்மா சட்டியை வாங்கிக்கொண்டாள். பிறகு, “சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சு” என்று சட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்கு அடுத்த நாள் வழக்கம்போல் பார்சல் சமையல். சிவநந்தினி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள், ஊதினாள், நக்கினாள். கண்ணை மூடவில்லை. அரைக் கரண்டி உப்புப் போட்டாள், கலக்கினாள், ஷீட்டுகளை விரித்தாள். விதுஷா பீரிஸைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தானாகவே சோற்றுக் கரண்டியை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் முற்றத்துக் கதவில் மஸூதாவின் தலை தெரிந்தது.

“என்ன, இன்னைக்கு உப்பு பாக்க வரல்லியா?”

“பாத்தாச்சு ராத்தா.”

“அப்ப என்ட வேலை போச்சு.”

“டீ ஊத்துறேன், உக்காருங்க.”

மஸூதா சாய்ப்புக்குள் வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் அந்த நேரத்துக்கு அவள் இங்கே வருகிறாள். பீரிஸில் சீனிக் கட்டி இருக்கும், கடித்துக்கொண்டு இருவரும் தேநீர் குடிப்பார்கள். பார்சல்கள் முன்பைவிடச் சீக்கிரமாக ஆட்டோவில் ஏறுகின்றன. இந்த வருடம் மாடசாமியின் கை சரியாகிவிட்டது, ஆனாலும் சிவநந்தினியைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கூட்டுக்கு அரைப்பிடி கூடப் போட வேண்டும் என்று அவளே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தத் திருவிழா முடிந்து வெகு நாளைக்குப் பிறகு, பஸ் ஸ்டாண்டில் பார்சல் இறக்கிக்கொண்டிருந்தபோது, ஜுனைதீன் கடைக்காரர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னது: கொரோனாக் காய்ச்சல் வந்துபோனதிலிருந்து மஸூதாவுக்கு நாக்கில் ருசியும் இல்லை, மூக்கில் மணமும் இல்லை. டாக்டர்கள் வரும் வரும் என்றார்கள், இன்றுவரை வரவில்லை. அதனால்தான் அந்த வீட்டுக் கறிக்கு உப்புப் போடுவது எப்போதும் அவர்தான்.